நம் மேடைகளில் பேஸ் கேட்க வேண்டும்

தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வட்டாரத்து மெல்லிசைக் குழுக்களிலும் தேவாலயப் பாடகர் குழுக்களிலும் பேஸ் கிட்டார் வாசிக்கும் தம்பி தங்கைகளுக்கு,

மேடைக்குக் கீழே மிக்சர் முன்னால் உட்காருகிறவன் நான். திருவிழாக் காலம் தொடங்கினால் உங்களில் யாராவது ஒருவர் வந்து கேட்கும் கேள்வி இது: "அண்ணே, வால்வு ஆம்ப் மாதிரி சத்தம் வேணும், கையில காசு கம்மி, எந்தப் பெடல் வாங்கலாம்?" ஒவ்வொருவருக்கும் அவசரத்தில் நின்றபடி பாதிப் பதில்தான் சொல்ல முடிகிறது. எல்லாருக்கும் சேர்த்து, நிதானமாக, இங்கே எழுதுகிறேன்.

நம் மண்ணில் இந்தக் கேள்விக்குத் தனி எடை உண்டு. பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராக ஆர்மோனியம் வாசித்துத் திரிந்த இளையராஜா, சென்னைக்குப் போய் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். மற்ற இசையமைப்பாளர்களின் ஒலிப்பதிவுகளில் கிட்டார் வாசித்தார். 1976இல் அன்னக்கிளி வந்தது. அதன் பிறகு தமிழ்ப் பாட்டில் பேஸ் என்பது தாளத்துக்கு ஒத்தாசை செய்யும் வாத்தியமாக மட்டும் இல்லை. மூடுபனி (1980), நினைவெல்லாம் நித்யா (1982) படங்களின் பாடல்களை நல்ல ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். பாடகர் ஒரு மெட்டு பாடுகிறார், அடியில் பேஸ் இன்னொரு மெட்டு பாடுகிறது. ராஜா சார் அந்த வரியை ஸ்வரம் ஸ்வரமாக எழுதிக் கொடுப்பவர். அவர் குழுவில் நெடுங்காலம் வாசித்த சசிதரனின் விரல்களில் அந்த எழுத்து எப்படி உயிர் பெற்றது என்பதை நீங்கள் எல்லாரும் பாடமாகவே படித்திருப்பீர்கள்.

அந்தப் பாட்டுகளை அவர் பிறந்த பள்ளத்தாக்கிலேயே, வீரபாண்டியில் கௌமாரியம்மன் திருவிழாவில், ராயப்பன்பட்டியில், தேவாரத்தில், மேடையேற்றுகிறோம். பாடகர் கேட்கிறார். தபேலா கேட்கிறது, பேட் கேட்கிறது, கீபோர்டு கேட்கிறது. பேஸ் மட்டும் ஒரு உறுமலாக வந்து போகிறது. பக்கத்தில் நிற்பவருக்கு நெஞ்சு அதிர்கிறது, ஆனால் என்ன வாசிக்கிறீர்கள் என்று தெரிவதில்லை. மாதக்கணக்கில் படியெடுத்துப் பழகிய வரி இப்படிக் காணாமல் போவது எனக்குப் பொறுக்கவில்லை. நல்ல பெடல் வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். சத்தத்தில் கொஞ்சம் அழகு கூடுவது அதற்குப் பிறகு வரும் லாபம்.

ஏன் காணாமல் போகிறது? பேஸின் இ தந்தி திறந்த நிலையில் 41 ஹெர்ட்ஸ். ஏ 55, டி 73, ஜி 98. ஜி தந்தியில் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்குப் போனாலும் 196தான். நம் தெருக்களில் கட்டும் குழாய் ஒலிபெருக்கி ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் உருப்படியாகத் தருவதில்லை. அதாவது உங்கள் வாத்தியத்தின் கழுத்து ஏறக்குறைய முழுக்க அந்தக் குழாயின் எல்லைக்கு வெளியே கிடக்கிறது. கச்சேரியை மறுநாள் எல்லாரும் கைபேசியில் பார்க்கிறார்கள், அந்தச் சின்ன ஸ்பீக்கரின் கதையும் இதுவே. பெரிய பெட்டி வைத்த மேடையில் அடித்தொனி வரும். ஆனால் டோலக்கும் கிக்கும் கீபோர்டின் இடக்கையும் அதே இடத்தில் முட்டிக்கொள்ளும்.

காதுக்கு ஒரு அற்புதமான குணம் உண்டு. 41 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தோடு 82, 124, 165, 206 என்று அதன் மடங்குகளும் ஒலிக்கின்றன. அடித்தொனியையே ஸ்பீக்கர் தராவிட்டாலும், மேலே உள்ள மடங்குகள் தெளிவாகக் கேட்டால் மூளை அவற்றின் இடைவெளியை வைத்துக் கீழே இருக்க வேண்டிய ஸ்வரத்தைத் தானே கட்டிக்கொள்கிறது. குழாயிலும் கைபேசியிலும் பேஸ் கேட்பதற்கு இது ஒன்றுதான் வழி. வருடக்கணக்கில் மாற்றாத தந்தியில், விரல் நுனியால் மெதுவாகத் தொட்டு, டோன் குமிழை முழுக்க மூடி வாசித்தால் அந்த மடங்குகள் மிகவும் மங்கிப் போகும்.

வால்வு ஆம்பின் பெருமை இங்கேதான் வருகிறது. அளவுக்குமேல் சிக்னல் கொடுத்தால் அது அலையின் உச்சியைச் சட்டென்று வெட்டாமல் மெல்ல அழுத்தி வளைக்கும். வளையும்போது புதிய மடங்குகள் பிறக்கும், முதலில் ஒரு ஸ்தாயி மேலே, பிறகு அடுத்தடுத்து. பலமாக அடித்த ஸ்வரமும் மெதுவாக அடித்த ஸ்வரமும் ஒன்றுக்கொன்று நெருங்கி வரும். ஆம்பெக் நிறுவனத்தின் எஸ்விடி 1969இல் வந்தது. 300 வாட், கீழே பத்து அங்குல ஸ்பீக்கர் எட்டு. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அந்த ஆண்டு அமெரிக்கப் பயணத்துக்கு அதைத்தான் எடுத்துப் போனது. ராக் பேஸின் சத்தம் என்று உலகம் இன்று நினைப்பதில் பெரும்பங்கு அந்தப் பெட்டியிலிருந்து வந்தது. தலைப்பெட்டி மட்டுமே நாற்பது கிலோ அளவு கனக்கும். அதைக் குமுளி மலைப்பாதையில் வேனில் ஏற்றிப் போகிற காரியம் நமக்கு ஆகாது.

எனவே பெடல். இங்கே முதலில் நீங்கள் விட வேண்டிய ஆசை ஒன்று: உள்ளே நிஜமான கண்ணாடி வால்வு இருக்க வேண்டும் என்பது. ப்ரீஆம்ப்களில் பெரும்பாலும் வருவது 12ஏஎக்ஸ்7, அதாவது ஈசிசி83. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் இந்த வால்வை நம் நாட்டிலேயே தயாரித்தது, பழைய ரேடியோ மெக்கானிக்குகளுக்கு நன்றாகத் தெரியும். அது முறையாக வேலை செய்ய அதன் பிளேட்டில் 200, 250 வோல்ட் நிற்க வேண்டும். இழையைச் சூடாக்கவே ஏறக்குறைய இரண்டு வாட் மின்சாரம் வேண்டும். ஒன்பது வோல்ட் பேட்டரி இதை இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. உள்ளே மின்னழுத்தத்தை உயர்த்திச் சரியாகச் செய்த பெடல்கள் உண்டு, அவற்றின் விலை நம் பேச்சுக்கு வெளியே. மலிவு விலையில் வால்வு காட்டும் கருவிகள் பெரும்பாலும் அந்த வால்வைப் பட்டினி போட்டுத்தான் ஓட்டுகின்றன. உண்மையான ஆம்ப்ளிஃபிகேஷனைச் சின்ன ஐசி செய்கிறது, வால்வு கொஞ்சம் கரகரப்பு மட்டும் சேர்க்கிறது. சிலவற்றில் கண்ணாடிக்குப் பின்னால் ஆரஞ்சு நிற எல்இடி வைத்து வெளிச்சம் காட்டுகிறார்கள். அந்த வெளிச்சத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

நம் ஊர் நிலவரமும் வால்வுக்கு எதிராகவே இருக்கிறது. மலைச்சாலையில் வேன் குலுங்கும். கோடையில் தூசி, ஆடியில் சாரல். திருவிழா இரவில் லைன் வோல்டேஜ் இறங்கும், திடீரென்று ஜெனரேட்டருக்கு மாறும். ஸ்டுடியோவில் ஒரு இடத்தில் வைத்து வாசிப்பவர் வால்வு வாங்கட்டும். வாரம் ஒரு ஊர் ஏறி இறங்குகிறவருக்கு டிரான்சிஸ்டரும் ஐசியும் போதும்.

அந்தச் சிலிக்கான் பாகங்களைக் கொண்டே வால்வின் நடத்தையை வரவழைத்தவர் அமெரிக்காவின் டெக் 21 நிறுவனத்தைத் தொடங்கிய ஆண்ட்ரூ பார்ட்டா. 1989இல் சேன்ஸ்ஆம்ப். 1992இல் அதை பேஸுக்கென்று மாற்றி, மிக்சருக்கு நேராக லைன் கொடுக்கும் வசதியோடு பேஸ் டிரைவர் டிஐ. உள்ளே கம்ப்யூட்டர் எதுவும் இல்லை, முழுக்க அனலாக். ஆம்பும் ஸ்பீக்கர் பெட்டியும் மைக்கும் சேர்ந்தால் என்ன சத்தமோ அதை ஒரு கைப்பிடிப் பெட்டியில் தந்ததால், மேடைக்கு ஆம்ப் கொண்டு போவதையே பலர் விட்டுவிட்டார்கள். ஆனால் புதிதாக வாங்கினால் நம்மில் பலருக்கு அது பல கச்சேரிகளின் சம்பளம்.

அதே யோசனையை அடியொற்றி, அதே ஆறு குமிழ்களோடு, பெரிங்கர் நிறுவனம் தரும் மலிவுப் பதிப்பு பிடிஐ21. வெளிநாட்டுச் சந்தையில் அசலின் விலையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். உங்கள் கேள்விக்கு என் நேரடியான பதில் இதுதான்: முதல் பெடல், கையில் சில ஆயிரம்தான் என்றால், பிடிஐ21. சம்பாதித்துச் சேர்த்துவிட்டேன், பத்து வருடம் உழைக்க வேண்டும் என்றால், சேன்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர். அதையும் பழசாகத் தேடுங்கள். இரண்டுக்கும் நடுவில் வாங்க அவசரப்படாதீர்கள்.

பிடிஐ21இன் குறைகளையும் சொல்ல வேண்டும். உடல் பிளாஸ்டிக். பூட்ஸ் காலால் மிதிக்கிற பொருள் இல்லை, ஒரு மரப்பலகையில் வெல்க்ரோ போட்டு ஒட்டி, முனையில் ஒரு கட்டை வைத்துக் காப்பாற்றுங்கள். பலர் அதை அணைப்பதே இல்லை, ஆன் செய்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதுவே நல்லது. இரண்டாவது குறை சத்தத்தில் இருக்கிறது. இது சேன்ஸ்ஆம்பின் பழைய பதிப்புக்கும் பொருந்தும். இந்த வடிவமைப்பு இயல்பாகவே நடுத்தொனியைக் குழித்துவிடுகிறது. தனியாக வீட்டில் வாசித்தால் சினிமா சத்தம் போல இனிக்கும். முழுக் குழுவோடு மேடையேறினால் அந்தக் குழிக்குள் விழுந்து பேஸ் மறையும். நம் நோக்கமே அது கேட்க வேண்டும் என்பதுதானே! ஆகவே பேஸ், ட்ரெபிள் குமிழ்களைக் கூட்டுவதற்குப் பதில் நடுவுக்குக் கொஞ்சம் கீழே இறக்குங்கள், நடுத்தொனி தானே மேலே வரும். மிக்சரில் 500 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை இரண்டு மூன்று டெசிபல் ஏற்றித் தரச் சொல்லுங்கள். டெக் 21 பிற்பாடு இரண்டாம் பதிப்பில் தனியாக ஒரு மிட் குமிழ் வைத்ததே இந்தக் குறையைப் பலர் சொன்ன காரணத்தால்தான் இருக்க வேண்டும்.

நான் தொடங்கும் இடத்தைச் சொல்கிறேன், உங்கள் வாத்தியத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். டிரைவ் ஒன்பது மணி, மிஞ்சினால் பத்து. பிரசென்ஸ் அதைவிடக் குறைவு. பேஸும் ட்ரெபிளும் பதினொன்று. பிளெண்ட் பாதி. இந்த பிளெண்ட் குமிழுக்காகவே இந்த வகைப் பெடலை நான் விரும்புகிறேன். உங்கள் சுத்தமான சிக்னலையும் வளைத்த சிக்னலையும் அது கலக்கிறது. அடித்தொனி சுத்தமான பக்கத்திலிருந்து முழுசாக வரும், அடையாளம் தெரியும் மடங்குகள் வளைத்த பக்கத்திலிருந்து வரும். பிளெண்ட் இல்லாத டிரைவ் பெடலை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், பேஸுக்கு வாங்காதீர்கள். டிரைவைக் கூட்டினால் ஆளுமை கூடும் என்று தோன்றும். ராஜா சாரின் பாட்டில் பேஸ் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும். டிரைவ் அதிகமானால் ஒரு ஸ்வரத்தின் வால் அடுத்த ஸ்வரத்தின் தலையை மறைக்கும். "கொஞ்சம் அழுக்கு சேர்ந்த மாதிரி இருக்கே" என்று வீட்டில் தனியாகக் கேட்கும்போது தோன்றுகிற அளவு, மேடையில் சரியாக இருக்கும்.

இனி எக்ஸ்எல்ஆர் அவுட். கடையில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை, மேடையில் பாதிப் பிரச்சினை இங்கேதான். உங்கள் பேஸின் பிக்கப்பை நேராக மிக்சரின் லைன் இன்புட்டில் சொருகினால், அந்த இன்புட் பிக்கப்பைப் பிடித்து இழுத்து மேல்தொனியைத் தின்றுவிடும். பிக்கப்புக்கு ஒரு மெகா ஓம் அளவில் இன்புட் வேண்டும், மிக்சர் லைனில் பத்து கிலோ ஓம் போலத்தான் இருக்கும். மேலும் சாதாரண கிட்டார் ஒயரை மேடையிலிருந்து மிக்சர் வரை இழுத்தால், சீரியல் லைட் ஒயரிலிருந்தும் ஜெனரேட்டர் ஒயரிலிருந்தும் வருகிற அத்தனை இரைச்சலையும் அது வாங்கும். நம் மின்சாரத்தின் ஹம் 50 ஹெர்ட்ஸ். இ தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் உள்ள ஜி 49 ஹெர்ட்ஸ். ஹம்மைக் குறைக்கிறேன் என்று மிக்சரில் அடித்தொனியை வெட்டினால் உங்கள் ஸ்வரமும் சேர்ந்து போகிறது. டிஐ உள்ள பெடல் இந்த இரண்டையும் ஒரே பெட்டியில் தீர்க்கிறது. எவ்வளவு தூரம் இழுத்தாலும் அதன் எக்ஸ்எல்ஆரிலிருந்து போகும் பேலன்ஸ்டு லைன் இரைச்சலைத் தட்டிக் கழிக்கும்.

அப்படியும் ஹம் வந்தால் பெடலில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்துத் தட்டுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கையை உங்கள் மூத்தவனாகச் சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். ஹம்மைப் போக்க ஆம்பின் மூன்று முனை பிளக்கில் எர்த் முனையை ஒடிப்பதும், எர்த் ஒயரைக் கழற்றுவதும் நம் மேடைகளில் நடக்கிறது. விரலில் தந்தி, உதட்டில் மைக், காலடியில் மழைக்கு நனைந்த பலகை. ஒரு கருவியில் கசிவு இருந்தால் மின்சாரம் உங்கள் உடல் வழியாகத்தான் போகும். ஹம்மோடு வாசித்தாலும் பரவாயில்லை, எர்த்தை யாரும் தொடக்கூடாது.

மின்சாரம் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. இந்தப் பெடல்களின் அடாப்டர் ஒன்பது வோல்ட், நடு முனை நெகட்டிவ். கடையில் "ஒன்பது வோல்ட்தானே" என்று கொடுக்கும் பொது அடாப்டரில் பெரும்பாலும் நடு முனை பாசிட்டிவ், அதில் ஹம்மும் கூடுதல். பெட்டியின் மேல் உள்ள படத்தைப் பார்த்து வாங்குங்கள். பேட்டரி போட்டால் அல்கலைன் போடுங்கள். இன்புட் ஜாக் சொருகியிருக்கும்வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், இடைவேளையிலும் கச்சேரி முடிந்ததும் ஜாக்கை உருவிவிடுங்கள். சேன்ஸ்ஆம்பை மிக்சரின் 48 வோல்ட் ஃபேன்டமிலேயே ஓட்டலாம். ஆனால் நம் ஊர் மைக் செட்களில் ஃபேன்டம் இல்லாத பழைய மிக்சர்கள் இன்னும் நிறைய உழைக்கின்றன, அதை நம்பி அடாப்டரை வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜூம் பி1 ஃபோர் போன்ற மல்டி எஃபெக்ட்டில் பல ஆம்ப் மாதிரிகளும், ட்யூனரும், ரிதமும் இருக்கின்றன. வீட்டுப் பயிற்சிக்கு அது நல்ல துணை, இப்போதுதான் கற்கத் தொடங்கியவருக்கு அதையே சொல்வேன். ஆனால் எக்ஸ்எல்ஆர் இல்லை, மேடைக்குத் தனியாக டிஐ பாக்ஸ் வேண்டும். பின்லாந்தின் டார்க்கிளாஸ் அருமையான வேலைப்பாடு. கனமான மெட்டல் இசைக்குப் பிறந்தது, நம் கச்சேரிக்கு அந்தச் செலவு தேவையில்லை. ஜோயோ, கேலைன் போன்ற சீன நிறுவனங்களும் பேஸ் ப்ரீஆம்ப் செய்கின்றன. எதைப் பார்த்தாலும் மூன்றைக் கேளுங்கள்: பிளெண்ட் உண்டா, எக்ஸ்எல்ஆர் உண்டா, ஸ்பீக்கர் சிமுலேஷன் உண்டா. மூன்றாவது இல்லாத டிரைவை மேடைப் பெட்டிக்கு நேராகக் கொடுத்தால், அதன் ட்வீட்டர் வழியாக ஈ மொய்க்கிற சத்தம்தான் வரும்.

பெடலுக்கு முன்னால் தந்தியை மாற்றுங்கள். கரகரக்கும் ஒயரைத் தூக்கிப் போடுங்கள். ஆக்டிவ் பேஸ் என்றால் உள்ளே உள்ள பேட்டரியைப் பாருங்கள். இந்த மூன்றும் சரியில்லாத வாத்தியத்தில் எந்தப் பெடலும் வேலை செய்யாது.

ஒரு குழுவில் பேஸ் வாசிப்பவர் மட்டும் தன் காசில் இதை வாங்க வேண்டும் என்பதும் எனக்குச் சம்மதமில்லை. கீபோர்டுக்கும் பேடுக்கும் குழுப் பணத்தில் செலவு செய்கிறோம். பேஸ் பெடலும் குழுச் சொத்தாக இருக்கட்டும். குழு நடத்தும் அண்ணன்மார்கள் இதைப் படித்தால் உங்களுக்கும் இது என் வேண்டுகோள். தேவாலயங்களில் வாசிக்கும் தங்கைகள் பங்குப் பேரவையிடம் கேளுங்கள்; ஒரு பெட்டி ஒலிபெருக்கியின் விலையில் சிறு பகுதிதான் ஆகும்.

வாங்கியதும் முதல் கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்பே வாருங்கள். மைக் செட் அண்ணனிடம் மரியாதையாகச் சொல்லி, பெடலின் லெவலைக் குறைவாக வைத்து லைன் கொடுங்கள். ஒரு நண்பரை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் மேடையை விட்டு இறங்கி, பெட்டிக்கு முன்னால் ஒருமுறை, தெருக்கோடிக் குழாய்க்குக் கீழே ஒருமுறை நின்று கேளுங்கள். குழாய்க்குக் கீழே நிற்கும்போது பேஸ் எந்த ஸ்வரத்தில் இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடிகிறவரை டிரைவையும் பிளெண்டையும் திருத்துங்கள். பெட்டியின் முன் அது அதிகமாகத் தோன்றினால் சற்றுக் குறையுங்கள். கிடைத்த இடத்தை ஒரு காகிதத்தில் குறித்துப் பெடலின் அடியில் ஒட்டிவையுங்கள். ஊர் மாறும்போது மிக்சரில் மட்டும் திருத்தினால் போதும்.

அன்புடன்,
உங்கள் மேடைகளில் மிக்சர் பார்க்கும் அண்ணன்